பெட்டியில் 12, கையில் 1: பழைய சிஸ்டத்தைக் காலி செய்த கணக்கு

டிடிபி வேலைக்கு ஓடிய ஒரு பென்டியம் 3 சிஸ்டத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. 40 ஜிபி ஹார்டு டிஸ்க், அதில் 30 ஜிபி அளவுக்குப் பேஜ்மேக்கர் கோப்புகளும் ஸ்கேன் படங்களும். கூடவே ஓர் அட்டைப்பெட்டி நிறைய ஃப்ளாப்பியும் சிடியும். மூலையில், பில் போட மட்டும் வைத்திருந்த டாஸ் மெஷின் ஒன்று. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்த வேலை வியாழக்கிழமை இரவு முடிந்தது. மெஷின் எதுவும் மக்கர் பண்ணவில்லை. அத்தனையும் கணக்குத் தப்பு. பழைய சாமான் ஒவ்வொன்றும் தன் வேகத்தை ஒவ்வொரு அலகில் சொல்கிறது. ஒன்றை இன்னொன்றாக மாற்றும்போது எட்டால் வகுப்பதா, பத்தால் வகுப்பதா, ஆயிரமா, 1,024-ஆ என்று அவசரத்தில் யாருக்கும் தோன்றாது. முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நாலு நாள் மிச்சம் என்ற எரிச்சலில்தான் இதை எழுதுவது.

முதல் அடி யுஎஸ்பியில். அந்தக் காலத்து மதர்போர்டில் இருப்பது யுஎஸ்பி 1.1, வேகம் 12 எம்பிபிஎஸ் என்று கையேட்டில் போட்டிருந்தது. ஆங்கிலத்திலாவது சின்ன பி பிட்டுக்கு, பெரிய பி பைட்டுக்கு என்று ஓர் அடையாளம் உண்டு. தமிழில் இரண்டுமே எம்பிதான். பேச்சில் தொலைந்துபோகிற அந்த ஒரு எழுத்துக்குள் எட்டு மடங்கு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. அதனால் இங்கே இனி மெகாபிட், மெகாபைட் என்று முழுதாகவே எழுதுகிறேன். விண்டோஸ் 30 ஜிபி என்று காட்டுவது சுமார் 3,221 கோடி பைட். 12 மெகாபைட் என்று நினைத்து வகுத்தால் 45 நிமிடம். அது மெகாபிட் என்று உறைத்து, எட்டால் வகுத்து, 1.5 மெகாபைட் என்று போட்டால் 6 மணி நேரம். அதுவும் கிடைக்காது. யுஎஸ்பி 1.1-ல் நேரம் ஒரு மில்லிசெகண்ட் துண்டுகளாக ஓடுகிறது. ஒரு துண்டுக்குள் 64 பைட் பாக்கெட்டுகள் அதிகபட்சம் 19 தான் நுழையும். 64 பெருக்கல் 19 பெருக்கல் 1,000: நொடிக்கு 12,16,000 பைட். மீதி எல்லாம் பாக்கெட்டின் தலைப்பு, சரிபார்ப்பு, பதில் சிக்னல் என்று போய்விடும். இது காகிதக் கணக்கு. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் 9.5 லட்சம் பைட்தான் வந்தது. ஆக ஒன்பது மணி நேரத்துக்கு மேல், அதுவும் எல்லாம் பெரிய கோப்பாக இருந்தால்.

வெளி டிஸ்க் யுஎஸ்பி 3, அதனால் வேகமாகப் போகும் என்று ஒரு நப்பாசை. கேபிள்தான் கோளாறோ என்று 600 ரூபாய்க்கு நல்ல கேபிளும் வாங்கியாயிற்று. சுத்த வீண். இரண்டு பக்கத்தில் மெதுவான பக்கம் எதுவோ அதன் வேகத்தில்தான் ஓடும். இந்தச் சாதனம் இதைவிட வேகமாக ஓடக்கூடியது என்று விண்டோஸ் எக்ஸ்பி திரையின் வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் குமிழில் சொல்லும். எல்லாரும் அதைப் படிக்காமல் மூடிவிடுவோம். அதைப் பார்த்தால் காப்பியை அங்கேயே நிறுத்துங்கள். பிசிஐ ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தால் யுஎஸ்பி 2.0 கார்டு போடலாம். 480 மெகாபிட் என்பது எட்டால் வகுத்தால் 60 மெகாபைட், நடைமுறையில் 30-லிருந்து 35. ஒரு எச்சரிக்கை: பெட்டியில் "யுஎஸ்பி 2.0 ஃபுல் ஸ்பீடு" என்று போட்டிருந்தால் அது அதே பழைய 12 மெகாபிட்தான். 480 வேண்டுமென்றால் "ஹை ஸ்பீடு" என்று போட்டிருக்க வேண்டும். பெயர் வைத்தவர்களை என்ன சொல்வது.

வேகத்தைத் தின்னும் இன்னொரு விஷயம் சின்னக் கோப்புகள். நொடிக்கு இத்தனை பைட் என்ற கணக்கெல்லாம் தொடர்ச்சியாக ஓடும்போதுதான். ஒவ்வொரு கோப்புக்கும் டிஸ்க்கின் தலை அட்டவணைக்குப் போக வேண்டும், கோப்புக்குப் போக வேண்டும், திரும்ப அட்டவணைக்கு வர வேண்டும். கோப்புக்கு 30 மில்லிசெகண்ட் என்று குறைவாக வைத்தாலும் 50,000 கோப்புக்கு 25 நிமிடம், ஒரு பைட் நகராமலே. இதைத் தவிர்க்க எல்லாவற்றையும் சுருக்காமல் ஒரே கட்டாக வெளி டிஸ்க்கிலேயே எழுத விட்டேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து, மிகச் சரியாக 4 ஜிபியில் நின்றது. வெளி டிஸ்க் ஃபேட் 32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தது. அதில் ஒரு கோப்பு 429 கோடி பைட்டைத் தாண்ட முடியாது. டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் ஆக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கட்டை 2 ஜிபி துண்டுகளாகப் பிரியுங்கள். அந்த ஒன்றேகால் மணி நேரத்துக்காக அழவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து நெட்வொர்க். கார்டு 100 மெகாபிட். எட்டால் வகுத்து 12.5 மெகாபைட் என்று சந்தோஷப்பட்டால், வந்தது 1 மெகாபைட். நடுவே கம்ப்யூட்டர்களை இணைத்துக்கொண்டிருந்த பழைய ஹப் 10 மெகாபிட். இங்கே கணக்கு இப்படி: ஒரு ஈதர்நெட் பாக்கெட்டில் நம் தரவு 1,460 பைட், ஆனால் கம்பியில் அது பிடிக்கும் இடம் 1,538 பைட். அதாவது 95 சதவீதம்தான் நமக்கு. 10 மெகாபிட்டில் உச்சம் 1.19 மெகாபைட், ஹப் என்றால் ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், மோதல் வேறு, ஆக 1 மெகாபைட் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஹப்பைத் தூக்கிவிட்டு இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே கேபிளில் நேராக இணைத்தால் 100 மெகாபிட்டில் உச்சம் 11.9. பென்டியம் 3 அதில் 7, 8 கொடுக்கும். புதிய கம்ப்யூட்டரின் போர்ட் தானே கம்பிகளை மாற்றிக்கொள்ளும் என்பதால் கிராஸ் கேபிள் தேட வேண்டாம், சாதாரண கேபிள் போதும். ஆனால் புதிய விண்டோஸ் 10, 11-ல் எக்ஸ்பி பேசுகிற பழைய ஷேரிங் முறை நிறுவப்பட்டிருக்காது. அதைத் திறந்துவிடுவதைவிட எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் முறை சுலபம்: புதியதில் ஒரு எஃப்டிபி சர்வர், பழையதில் கமாண்ட் விண்டோவில் எஃப்டிபி. உள்ளே நுழைந்ததும் முதல் வேலை பைனரி என்று கட்டளை கொடுப்பது. விண்டோஸின் எஃப்டிபி இயல்பாக எழுத்து முறையில் இருக்கும். வரி முடிவுகளை மாற்றுகிறேன் என்று படங்களைக் கெடுத்து வைக்கும். கோப்பின் அளவு சில பைட் கூடியோ குறைந்தோ வந்தால் காரணம் இதுதான்.

இவ்வளவும் செய்த பிறகு 3 மெகாபைட் தாண்டவில்லை. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 100 சதவீதம். டிவைஸ் மேனேஜரில் ஐடிஇ சேனலை, அதாவது டிஸ்க் இணைந்திருக்கும் வழியை, திறந்து பார்த்தால் டிஎம்ஏ (பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நேராக நினைவகத்துக்கு அனுப்பும் முறை) இருக்க வேண்டிய இடத்தில் பிஐஓ (எல்லாம் பிராசஸர் வழியாகவே போகும் முறை). எக்ஸ்பியின் பழக்கம் அது: டிஸ்க்கிலிருந்து ஆறு தடவை பிழை வந்தால், டிஎம்ஏ வேகத்தைப் படிப்படியாக இறக்கி, கடைசியில் பிஐஓவில் நிறுத்திவிடும். பிஐஓ மோட் 4-ன் உச்சமே 16.7 மெகாபைட், அதிலும் ஒவ்வொரு துண்டையும் பிராசஸர் கையால் அள்ளிப் போட வேண்டும் என்பதால் கைக்கு வருவது சொற்பம். கேபிளை அழுத்திச் செருகி, அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் செய்தால் திரும்ப டிஎம்ஏ ஆகிவிடும். கேபிள் 80 கம்பி உள்ளதா என்றும் பாருங்கள். 40 கம்பி கேபிள் என்றால் யூடிஎம்ஏ 33-க்கு மேல் போகாது. 80 கம்பி கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு.

கவனித்தீர்களா, இங்கே 33 என்பது மெகாபைட். 66, 100, 133 எல்லாமே மெகாபைட். இதில் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது, இது மட்டும் தெரிந்திருந்தால் பாதி அவஸ்தை இல்லை. பல கம்பிகளில் ஒரே நேரத்தில் அனுப்பும் பழைய இணைப்புகள், அதாவது ஐடிஇ, ஸ்கஸி, பிசிஐ, எல்லாம் வேகத்தைப் பைட்டில் சொல்லும். பிசிஐ 33.3 மெகாஹெர்ட்ஸ், ஒரு துடிப்புக்கு 4 பைட், ஆக 133 மெகாபைட். அல்ட்ரா 160 ஸ்கஸி என்றால் 160 மெகாபைட். ஒரே தடத்தில் வரிசையாக அனுப்புபவை பிட்டில் சொல்லும்: மோடம், சீரியல் போர்ட், ஈதர்நெட், யுஎஸ்பி, ஃபயர்வயர், சாட்டா. அவற்றிலும் எல்லாவற்றையும் எட்டால் வகுத்துவிட முடியாது. சாட்டா 8 பிட்டை 10 பிட்டாக மாற்றி அனுப்புகிறது, அதனால் 1.5 கிகாபிட் சாட்டா 150 மெகாபைட், 187 அல்ல. யுஎஸ்பி 3.0-வின் 5 கிகாபிட்டும் அப்படியே, 500 மெகாபைட். ரேம் இன்னும் வேடிக்கை. பிசி 133 என்றால் 133 மெகாஹெர்ட்ஸ். டிடிஆர் வந்ததும் அதே இடத்தில் மெகாபைட்டைப் போட்டார்கள், பிசி 3200 என்பது நொடிக்கு 3,200 மெகாபைட். பழைய போர்டுக்கு ரேம் தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கடைசியில் டிஸ்க்கைக் கழற்றினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஐடிஇயிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது கூடவே 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் தரும் பவர் சப்ளை இருக்கிறதா என்று பாருங்கள், 3.5 அங்குல டிஸ்க் யுஎஸ்பி கொடுக்கும் 5 வோல்ட்டில் சுற்றாது. லேப்டாப் டிஸ்க் என்றால் 44 பின், அதற்குத் தனி முனை வேண்டும். டிஸ்க் ஸ்லேவ் ஜம்பரில் இருந்தால் பல அடாப்டர்கள் அதைப் பார்க்காது, மாஸ்டருக்கு மாற்றுங்கள். டிஸ்க் சுற்றும்போது கையில் வைத்துத் திருப்பாதீர்கள், மேசையில் படுக்க வையுங்கள். வெளி வட்டத்தில் 28 மெகாபைட், உள் வட்டத்தில் அதில் பாதி, சராசரி 22 வந்தது. பெரிய கோப்புகள் 25 நிமிடம், உதிரிகளையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமும் முடிந்தது. மூன்று நாள் ஓடியதன் பயன் அவ்வளவுதான். மனக்கணக்குக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 1 மெகாபைட் என்றால் மணிக்கு 3.6 ஜிபி, ஒரு முழு நாளுக்கு 86.4 ஜிபி. எந்த வேலையையும் தொடங்கும் முன் ஒரு 100 மெகாபைட் கோப்பைக் காப்பி செய்து, கடிகாரம் பார்த்து, இந்தக் கணக்கால் பெருக்கிப் பாருங்கள். விண்டோஸ் காட்டும் "மீதமுள்ள நிமிடங்கள்" வெறும் ஆறுதல் வார்த்தை.

40 ஜிபி டிஸ்க் 37.2 என்று காட்டுகிறதே, மீதி எங்கே என்று ஒரு பதற்றம் வரும். எங்கும் போகவில்லை. தயாரிப்பாளர் கணக்கில் 40 ஜிபி என்பது 4,000 கோடி பைட். விண்டோஸ் ஒரு ஜிபியை 107 கோடியே 37 லட்சமாக எண்ணுகிறது. வேகத்தில் கிலோ, மெகா எல்லாம் பெரும்பாலும் ஆயிரம் ஆயிரமாகத்தான், கோப்பு அளவில் 1,024. வித்தியாசம் கிலோவில் 2.4 சதவீதம், மெகாவில் 4.9, கிகாவில் 7.4. ஒன்பது மணி நேர வேலையில் இது நாற்பது நிமிடம். இதில் உச்சம் ஃப்ளாப்பிதான். 1.44 எம்பி ஃப்ளாப்பியில் இருப்பது 14,74,560 பைட். பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47, 1,024-ஆல் இரண்டு முறை வகுத்தால் 1.41. 1.44 எப்படி வந்தது? ஒரு முறை 1,024-ஆலும் ஒரு முறை ஆயிரத்தாலும் வகுத்தால் வரும். ஃப்ளாப்பிக்கென்று ஒரு தனி மெகா.

ஃப்ளாப்பியின் வேகத்தையும் இப்படித்தான் உரிக்க வேண்டும். சிப்பின் வேகம் 500 கிலோபிட், எட்டால் வகுத்தால் 62,500 பைட். தட்டு நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு 5. ஒரு சுற்றுக்கு 12,500 பைட் தலைக்குக் கீழே ஓடுகிறது. அதில் நம் தரவு 18 செக்டர், செக்டருக்கு 512, மொத்தம் 9,216. மீதி இடைவெளியும் செக்டர் அடையாளமும். ஆக உச்சம் 46,080 பைட். 80 தடம், இரண்டு பக்கம், 160 சுற்று, சுற்றுக்கு 0.2 நொடி: குறைந்தபட்சம் 32 நொடி. தலை தடம் மாறும்போது ஒரு சுற்று தவறும், ஆகவே நடைமுறையில் முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம். 60 ஃப்ளாப்பிக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. படிக்க முடியாத செக்டரில் டிரைவ் கர்ர் கர்ர் என்று திரும்பத் திரும்ப முயலும், அந்த நேரம் எந்தக் கணக்கிலும் வராது. இரண்டாவது முயற்சிக்கு முன் டிரைவின் தலையை ஐசோபிரபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பி ஒன்றைப் போட்டால் அடுத்து வரும் நல்ல ஃப்ளாப்பியையும் அது கீறிவிடும், அதைத் தனியாக வையுங்கள்.

சிடி பரவாயில்லை. 1எக்ஸ் என்பது நொடிக்கு 75 செக்டர், செக்டருக்கு 2,048 பைட், அதாவது 150 கிலோபைட், இங்கே கிலோ 1,024. பாட்டு சிடியில் அதே செக்டருக்கு 2,352 பைட். டிவிடியின் 1எக்ஸ் முற்றிலும் வேறு, 1.385 மெகாபைட், சிடியைப்போல ஒன்பது மடங்கு; 16எக்ஸ் டிவிடி டிரைவைவிட 52எக்ஸ் சிடி டிரைவ் வேகம் என்று நினைக்க வேண்டாம். 52எக்ஸ் என்பதும் வெளி ஓரத்தில் மட்டும்தான். நடுவில் தொடங்கும்போது அதில் பாதிக்கும் குறைவு. எளிய வழி: முழு சிடி 80 நிமிடம், அதை எக்ஸால் வகுத்தால் நிமிடம். கீறல் விழுந்த சிடியை டிரைவ் 4எக்ஸுக்கு இறக்கினால் 20 நிமிடம். நிற்கிறதே என்று பிடுங்கிவிடாதீர்கள், படித்துக்கொண்டுதான் இருக்கும்.

கடைசியாக டாஸ் மெஷின். யுஎஸ்பி இல்லை, நெட்வொர்க் இல்லை, ஃப்ளாப்பி டிரைவ் செத்துவிட்டது. பின்னால் 9 பின் சீரியல் போர்ட் ஒன்றுதான் கதி. இரண்டு கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டுகளை நேராக இணைக்கும் நல்மோடம் கேபிள் வேண்டும்: 2-ம் 3-ம் குறுக்காக, 7-ம் 8-ம் குறுக்காக, 5 நேராக. புதிய பக்கம் யுஎஸ்பி சீரியல் அடாப்டர், இரண்டு பக்கமும் கெர்மிட் என்ற கோப்பு அனுப்பும் புரோகிராம். எடுக்க வேண்டியது 20 மெகாபைட். 9,600 பிட்டை எட்டால் வகுத்து 1,200 பைட், ஐந்து மணி நேரம் என்று ராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில்கூட முடிந்திருக்கவில்லை. சீரியலில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட், பின்னால் ஒரு முடிவு பிட். பத்தால் வகுக்க வேண்டும், 960 பைட், ஆறு மணி நேரம். அதற்கு மேல் கெர்மிட்டின் பாக்கெட் இயல்பில் 94 எழுத்துதான். ஒவ்வொன்றுக்கும் பதில் வரும்வரை காத்திருக்கும். பாக்கெட் நீளத்தை இரண்டு பக்கமும் 1,000 ஆக்குங்கள், கோப்பு வகையைப் பைனரி ஆக்குங்கள். இடையில் ஒன்று: பாட் (நொடிக்கு எத்தனை துடிப்பு) என்பதும் பிட் (நொடிக்கு எத்தனை பிட்) என்பதும் இந்தக் கேபிளில் ஒரே எண், மோடத்தில் அப்படி இல்லை. 14,400 பிட் மோடத்தின் பாட் 2,400 தான், ஒரு துடிப்புக்கு 6 பிட் ஏற்றுகிறது. பழைய கையேட்டில் பாட் என்று பார்த்துப் பெருக்கிவிடாதீர்கள்.

வேகத்தைக் கூட்டினால் என்ன? 1,15,200 என்றால் நொடிக்கு 11,520 பைட், அரை மணி நேரம். ஆனால் அந்த மெஷினின் சீரியல் சிப் 16450. அதில் சேமிப்பு ஒரே ஒரு பைட். 87 மைக்ரோசெகண்டுக்கு ஒரு பைட் வரும்போது பிராசஸர் கொஞ்சம் அசந்தாலும் முந்தையது அழிந்துவிடும். அனுப்புகிற பக்கம்தானே என்று விட முடியாது, ஒப்புதல் பாக்கெட்டும் அதே சிப் வழியாகத்தான் திரும்ப வருகிறது. மறுபடி மறுபடி அனுப்பி அனுப்பி 9,600-ஐவிட மோசமாக ஓடியது. 16550ஏ என்று இருந்தால் 16 பைட் இடம் உண்டு, 1,15,200 தாங்கும். இதில் 57,600-ல் வைத்தபோது பிழையில்லாமல் ஓடியது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்.

வந்த கோப்புகள் சரிதானா என்று பார்க்க, டாஸ் மெஷினிலேயே அவற்றை ஜிப் செய்தேன். ஜிப்புக்குள் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிஆர்சி எண், அதாவது சரிபார்ப்பு எண், இருக்கும், அதை வைத்து இந்தப் பக்கம் ஒப்பிடலாம் என்று. பில் கணக்கெல்லாம் டிபிஎஃப் என்ற பழைய தரவுத்தளக் கோப்புகள். பெயருக்கு முப்பது எழுத்து இடம் என்றால் முருகன் என்று எழுதிவிட்டு மீதி முழுக்க வெற்றிடம். 20 மெகாபைட் ஜிப் ஆகி வந்தபோது 4 மெகாபைட். 57,600-ல் அது 12 நிமிடம்.